வெட்டுவதற்கு முன் பார்த்தீர்களா?

இரங்கல் அவையின் தலைவர் அவர்களே, பல் மருத்துவப் பெருமக்களே, துயரத்தில் ஆழ்ந்திருக்கும், மறைந்த பேராசிரியரின் துணைவியார் அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நம்மை விட்டுச் சென்ற பேராசிரியரை நீங்கள் ‘முன்னாடி பார்த்தீங்களா டாக்டர்’ என்றே அழைத்தீர்கள். கேலியாகத்தான் அழைத்தீர்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை யார் பதில் சொன்னீர்கள்?

நான் வழக்கறிஞன். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் என் கட்சிக்காரரான மருத்துவர் அம்மையாரின் உரிமம் இன்னும் விசாரணைக் குழுவின் கையில் இருக்கிறது. அவர் வேர் சிகிச்சை செய்த ஒரு தையற்காரரின் முன்பல் பிறகு பிளந்தது. வேருக்குள் சுழலும் கருவிதான் விரிசல் போட்டது என்றது குழு. ஆதாரம்? பிடுங்கிய பற்களில் கருவியைச் செலுத்தி, வேரைக் குறுக்கே வெட்டி, நுண்ணோக்கியில் விரிசலைக் கண்ட ஓர் ஆய்வு.

என் தரப்புச் சாட்சியாக வந்த பேராசிரியர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “வெட்டுறதுக்கு முன்னாடி பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை! அந்த விரிசல் பல்லைப் பிடுங்கியபோது விழுந்ததா, வெட்டிய ரம்பம் போட்டதா, வேர் காய்ந்ததால் விழுந்ததா என்று எவரும் பார்க்கவில்லை!

அவர் கருவியே படாத ஒரு வேர்த்துண்டைத் தண்ணீரிலிருந்து எடுத்து நுண்ணோக்கியில் காட்டினார். விரிசல் இல்லை. குழுவினர் அனைவரும் பார்த்தார்கள். அதை விளக்கின் கீழ் வைத்துவிட்டுத் தேநீர் அருந்தப் போனோம். திரும்பி வந்தால், காய்ந்த துண்டின் குறுக்கே விரிசல் கோடு!

“இதை யாருங்க போட்டது? நாம எல்லாரும் டீ குடிச்சிட்டுத்தானே இருந்தோம்?” என்றார்.

குழுத் தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? செய்முறை விளக்கம் நிகழ்ச்சி நிரலில் இல்லை, எனவே பதிவு செய்ய இயலாது என்றார்! கண்ணால் கண்டதற்கு நிரலில் இடமில்லையாம்!

பிறகு அவரே கேட்டார்: “சரி, கருவி விரிசல் போடாதுன்னு எழுதிக்கலாமா?”

“அப்படி நான் சொல்லலீங்களே. இந்த ஆய்வை வச்சு போடும்னு சொல்ல முடியாது. அவ்வளவுதான்.”

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் சாட்சி, ஐயா! என் சாட்சி!

அதோடு நின்றாரா? தையற்காரரைப் பார்த்து, “அண்ணே, நூலை எதால அறுப்பீங்க?” என்றார். “பல்லாலதான் டாக்டர், வேற எதால?” என்றார் அவர். நான் துள்ளி எழுந்தேன். “வக்கீல் சார், உக்காருங்க. அதுவும் காரணம்னு யாரு பார்த்தா?” என்றார் பேராசிரியர்.

நடைக்கூடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன். “‘போடாது’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னிக்கே முடிஞ்சிருக்கும் டாக்டர்!”

“உங்களுக்கு முடிஞ்சிருக்கும். அந்தப் பல்லு ஏன் உடைஞ்சுதுன்னு அவருக்குத் தெரிய வேணாமா?”

விசாரணை தள்ளிவைக்கப்பட்டது, மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது. குழுவுக்கு நேரம் இருந்தது. பேராசிரியரின் இதயத்துக்கு இல்லை.

இந்த அவையில் எனக்குத் துக்கத்தைவிட எரிச்சலே மிகுதி; மறைக்க விரும்பவில்லை. ஒரு கேள்வியைக் கேட்டதற்காக ஒருவருக்குக் கேலிப்பெயர் வைத்து, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே அவரை அனுப்பிவைத்திருக்கிறோம்.

அடுத்த அமர்வில் அவருடைய நாற்காலி காலியாக இருக்கும். கருவி குற்றமற்றது என்று அங்கே நான் வாதிடப்போவதில்லை. அது அவர் வாக்குக்குத் துரோகம். முன்னும் பின்னும் படமெடுத்து, ஈரம் காயாமல் ஒரு சோதனை நடத்துங்கள், அதுவரை அம்மையார்மீது பழி எழுதாதீர்கள் என்று மட்டும் கேட்பேன். மறுத்தால் மேல்முறையீட்டிலும் அதையே கேட்பேன்.

தனியாகக் கேட்கப்போவதில்லை. புகார் கொடுத்த தையற்காரரும் இந்த மண்டபத்தின் கடைசி வரிசையில் இருக்கிறார். உள்ளே வரும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“சார், திட்டுறதுக்குன்னு எனக்கு ஒரு ஆளு இருந்தாங்க. அதையும் டாக்டர் புடுங்கிட்டாரு. பரவால்ல. பக்கத்துப் பல்லு ஒண்ணு ஆடுது, எப்படியும் எடுக்கணும். சோதனைக்கு வச்சுக்கச் சொல்லுங்க” என்றார். இரண்டடி போய்த் திரும்பினார்.

“ஆனா, எடுக்குறதுக்கு முன்னாடி பார்த்துக்கச் சொல்லுங்க.”