கண்ணாடிப் பெட்டிக்காரி

— பெட்டி மேல இருக்கற துணியை எடுக்காதே. இப்பத்தான் சாப்பிட்டுட்டுத் தூங்குறா.

— சிலந்தி தூங்குறதை நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க? குறட்டை விடுறாளா?

— கேலி பண்ணாதே. நீ முதல்ல உக்காரு. குனியக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.

— கண்ணுல ஆபரேஷன் பண்ணா காலையும் கட்டிப் போடுவீங்களா? நேத்து ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தேன், இன்னும் நான் படம் வரையற அறைக்குள்ள என்னையே விட மாட்டேங்கறீங்க.

— விட்டுட்டேனே. இதோ நிக்கறியே.

— வாசப்படியில நிக்கறேன். நீங்க குறுக்க நிக்கறீங்க. பஸ் டிரைவருக்கு வழி விடத் தெரிய வேண்டாமா?

— ஹாரன் அடிச்சாத்தான் விடுவேன்.

— பீம்... பீம்...

— சரி, வா. மெதுவா. முதல்ல சுவத்துல இருக்கற உன் படத்தைப் பாரு. அந்தக் காளான் எப்படித் தெரியுது?

— ...வெள்ளையா.

— வெள்ளைன்னு எனக்கே தெரியும். குடைக்கு அடியில கோடு கோடா வரைஞ்சியே, அது தெரியுதா?

— அப்புறம் பாக்கறேன். அந்தக் காளானைப் பாத்தாலே நீங்க போட இருந்த ஆம்லெட்தான் ஞாபகம் வருது.

— அதை விடவே மாட்டியா? ஆளைக் கொல்ற காளானை வெங்காயத்துக்குப் பக்கத்துல வெச்சது யாரு?

— டப்பா மேல மண்டையோடு வரைஞ்சு வெச்சிருந்தேனே!

— நீ உப்பு டப்பாவுலயும்தான் மண்டையோடு வரைஞ்சு வெச்சிருக்கே!

— உங்க ரத்த அழுத்தத்துக்கு உப்பும் விஷம்தான்.

— பேச்சை மாத்தாதே. எறும்புப் படத்தைப் பாரு. செத்த எறும்போட தலையிலேர்ந்து பூஞ்சை முளைக்குமே... அந்தக் காம்பு எவ்வளவு சன்னம்! தெரியுதா?

— தெரியுது, தெரியுது. என்ன, கண் டாக்டர் வேலைக்கு மனு போட்டிருக்கீங்களா?

— கேட்டா என்னவாம்? கண்ணுக் கட்டைப் பிரிச்சதிலேர்ந்து நீ எதையும் கிட்டப் போய்ப் பாக்கவே இல்ல. காலைல பேப்பரைக்கூட பிரிக்காம மடிச்சு வெச்சுட்டே.

— ...வெளிச்சம் கூசுது.

— கூசுதா, இல்ல...

— அவளைப் பத்திச் சொல்லுங்க. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லுவீங்களே. அதைக் கேட்டுட்டுத்தான் படுத்திருந்தேன்.

— என்ன சொல்ல... நல்லா இருந்தா. மூலையில உக்காந்திருந்தா. வெட்டுக்கிளி போட்டேன், சாப்பிட்டா.

— சாப்பிட்டாளா!

— ஏன் சிரிக்கறே?

— ஒண்ணுமில்ல. முழு வெட்டுக்கிளியுமா?

— முழுசா. ஏப்பம் விடாததுதான் குறை.

— கரப்பான்பூச்சியைப் பாத்தாலே கட்டில் மேல ஏறுற மனுஷன்... நீங்களா மூடியைத் திறந்து தீனி போட்டீங்க?

— திறக்கறப்ப மட்டும்தான் கண்ணு திறந்திருக்கும். போடறது, மூடறது எல்லாம் கண்ணை மூடிக்கிட்டுத்தான். கையுறையும் மூணு போட்டுக்கிட்டேன்.

— ஒரே கைக்கு மூணா?

— சிரிக்காதேங்கறேன். ஆனா ஒரு நாள் விளக்கு வெளிச்சத்துல பாத்தேன்... அழகாத்தான் இருந்தா. நீ சொல்லுவியே, பயந்து முகத்தைத் திருப்பிக்கறதாலதான் நமக்குத் தெரியறதில்ல, உத்துப் பாத்தா எல்லாமே படமா வரையற அழகுதான்னு... நிஜம்தான்.

— நான் சொன்னதை எனக்கே சொல்றீங்களா... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது.

— நானும் உன்கிட்ட ஒண்ணு... நீ முதல்ல சொல்லு.

— நீங்க சொல்லுங்க.

— ம்ஹூம். பெண்களுக்கு முன்னுரிமை. பஸ்லயே எழுதிப் போட்டிருக்கு.

— அவ செத்துட்டாங்க.

— யாரு?

— சிலந்தி. ஆபரேஷனுக்குப் போறதுக்கு முந்தின நாளே. வயசாயிடுச்சு. தோட்டத்துல நானே புதைச்சுட்டேன்.

— முந்தின நாளேவா? அப்ப... நான் தீனி போட்டது யாருக்கு?

— தோலுக்கு. வளர்றப்ப சட்டையைக் கழட்டற மாதிரி உரிச்சுப் போடுவா. காலு, நகம், முடி எல்லாம் அச்சு அசலா இருக்கும். பழைய தோல் ஒண்ணு வெச்சிருந்தேன். அதைத்தான் பெட்டியில உக்கார வெச்சேன்.

— வெறும் தோலுக்கா... நான் தினமும் குட் மார்னிங் வேற சொன்னேன்!

— குட் மார்னிங்கா!

— சிரிப்பா வருதா உனக்கு? ஏன்டி இப்படிப் பண்ணே?

— நான் அங்க படுத்திருக்கறப்ப நீங்க இங்க சோறு தண்ணி இல்லாம மோட்டுவளையைப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா? அவளுக்குப் பயந்துட்டு இருந்தா எனக்காகப் பயப்பட நேரம் இருக்காதுன்னுதான்... அப்புறம்...

— அப்புறம்?

— எனக்குக் கண்ணு சரியா வராமப் போச்சுன்னா, நீங்கதானே பாத்துச் சொல்லணும். இப்பவே பழகட்டுமேன்னு.

— பழகறதுக்கு வெறும் தோலா!

— கோபமா?

— அடிப்பாவி... நான்தான் கொன்னுட்டேன்னு நினைச்சு அழுதேன்டி.

— நீங்க எதுக்கு அழணும்?

— கூடத்துல கொசு மருந்து அடிச்சேன். மறுநாள் வெட்டுக்கிளி போட்டுட்டு, தைரியம் வந்து கண்ணைத் திறந்து பாத்தா, அது ஜம்முனு அவ முதுகு மேல ஏறி உக்காந்திருக்கு. இவ அசையவே இல்ல. அவளைப் பாத்து நீ வரைஞ்சுட்டிருந்த கடைசிப் படம்... காலு மட்டும்தான் பாக்கி... உன்கிட்ட என்னன்னு சொல்வேன்?

— சாப்பிட்டான்னுதானே சொன்னீங்க!

— வேற என்ன சொல்லச் சொல்றே? கண்ணைக் கட்டிட்டுப் படுத்திருக்கறவகிட்ட?

— ஐயோ, என் ராசா... கண்ணைத் துடைச்சுக்குங்க. இருங்க, அந்தத் தோலை எடுத்து உங்க உள்ளங்கையில வைக்கறேன். எவ்வளவு லேசா இருக்கும் தெரியுமா... துணிக்கு அடியில மூடியை ஏன் இவ்வளவு இறுக்கி வெச்சிருக்கீங்க...

— ஏய்! கையை எடு!

— வெறும் தோலுக்கு எதுக்கு இந்தக் கத்து...

— தோல் இல்ல! செத்த உடம்புன்னு நினைச்சு அதை நான் தோட்டத்துல புதைச்சுட்டேன். இப்ப உள்ள இருக்கறது உசிரோட இருக்கு. கையை வெளியே எடு... பதறாதே... மெதுவா...

— ...எடுத்துட்டேன்.

— மூடியைப் போடு.

— மூடிட்டேன். இவ... எங்கேர்ந்து வந்தா?

— டிப்போவுல, பழைய டயர் அடுக்குக்குப் பின்னாடி இருந்தா. இதைத்தான் உன்கிட்ட சொல்ல வந்தேன். என் சாப்பாட்டு டப்பாவுல பிடிச்சேன்.

— நீங்களா? தனியாவா?

— மெக்கானிக்கும் கூட நின்னான். பாத்ததும் ஓடிட்டான்.

— கடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்!

— கை வீங்கும், உசிரு போகாதுன்னு நீதானே சொல்லியிருக்கே. நீ கேட்டு வந்து நிக்கறப்ப பெட்டி காலியா இருக்கறதை என்னால பாக்க முடியாதும்மா.

— ...காலைல எனக்கு ரொட்டி வெச்சுக் குடுத்தீங்களே, அதே டப்பாவா?

— மூணு தரம் கழுவினேன்... ஏய், துணியை ஏன் எடுக்கறே? கண்ணாடிகிட்ட அவ்வளவு குனியாதே. டாக்டர் என்ன சொன்னார்... என்னம்மா, பேச மாட்டேங்கறே? கடிச்சுட்டாளா? தலை சுத்துதா?

— உஷ்... கடிக்கலை. நேத்திலேர்ந்து உங்களை ஏமாத்திட்டு இருந்தேங்க. வெளிச்சமும் கூசலை, ஒண்ணும் கூசலை. உத்துப் பாத்து ஒண்ணும் தெரியலேன்னா என்ன பண்றதுன்னு பயந்து, எதையுமே பாக்கலை. நீங்க கத்தின கத்துல அந்தப் பயத்தையும் மறந்துட்டுப் பாத்துட்டேன்... இவளுக்கு முட்டியில செம்மஞ்சள் முடி இருக்குங்க. பழையவளுக்குக் கிடையாது. ஒவ்வொண்ணா, நுனி வரைக்கும் தெரியுது. அழுதது போதும், அந்தப் பென்சிலை எடுத்துக் குடுங்க.