முதலில் சிரித்தவர்

மார்ச் 16, திங்கள்.

நேற்றைய குறிப்பில் ஒரு சிறு தவறு. சிரிப்பு ஒன்பது என்று எழுதியிருக்கிறேன். எட்டுதான். இரண்டாம் வரிசையில் ஓர் அம்மாள் பலமாகத் தும்மினார். அவருடைய பிள்ளைகள் அதற்குச் சிரித்தார்கள், படத்துக்கு அல்ல. அடித்துத் திருத்திவிட்டேன்.

மற்றதையும் இன்றே எழுதிவிடுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால் பாதிக் குழப்பம் தானாகத் தீரும் என்று மாலை வகுப்பு ஆசிரியர் சொல்வார். எனக்கு எதிலும் இரண்டு மனம். அதனால் அந்த யோசனை எனக்குப் பிடிக்கும்.

பகலில் காது மெஷின் கடையில் வேலை. செவ்வாய், வியாழன் மாலைகளில் திரைப்பட ரசனை வகுப்பு. பதினான்கு பேர் படிக்கிறோம். பிப்ரவரி முழுக்க அங்கே ஒரே பேச்சு, சோபா படத்தைப் பற்றி. நண்பர்கள் ஆறு பேர், பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல், ஒரே கட்டடத்தில் எடுத்த நகைச்சுவைப் படம். அண்ணனும் தம்பியும் ஒரு சோபாவை நான்காம் மாடிக்கு ஏற்றுகிறார்கள். அவ்வளவுதான் கதை. பத்திரிகைகள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. வயிறு புண்ணாகிவிட்டது என்று ஒருவர் எழுதினார். பக்கத்து நாற்காலிக்காரர் மடியில் விழுந்து சிரித்ததாக இன்னொருவர். சுவரொட்டியில் பாதி இடம் பரிசுகளின் பட்டியலுக்கே போயிருந்தது.

வகுப்போடு சேர்ந்து நானும் ஆசையோடுதான் போனேன். இதைப் பதிவு செய்துவிட வேண்டும், படத்தின் மேல் எனக்கு முன்பே கோபம் இருந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. விமர்சனங்களை வெட்டி இந்த நோட்டில் ஒட்டியிருக்கிறேன், முன்பக்கங்களில் இருக்கின்றன.

முதல் மாடி வரை பொறுமையாக இருந்தேன். இரண்டாம் மாடியில் சூடு பிடிக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் மாடியில் தம்பி சோபாவுக்கு அடியில் சிக்கிக் கால்களை உதறினான். அரங்கமே அதிர்ந்தது. நான் திரையை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்தேன். கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் மாடியில் சோபா கதவுக்குள் நுழையவில்லை. படம் முடிந்தது. நான் இன்னும் தொடங்கும் என்று காத்திருந்தேன்.

மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஆளுக்கொரு பக்கம் எழுதிப் படித்தோம். என்னுடையதில் இப்படி இருந்தது: “எனக்குச் சிரிப்பு வரவில்லை. குறை படத்தில் உள்ளதா, என்னிடம் உள்ளதா என்று தெரியவில்லை.” வகுப்பு அதற்குச் சிரித்தது. படத்துக்குச் சிரித்ததைவிடக் கூடுதலாகச் சிரித்ததாக எனக்குத் தோன்றியது. அப்போது எண்ணவில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது.

என் பக்கத்தில் உட்காரும் தையல்கார அக்கா, “உன்னக் கூட்டிட்டுப் போனதுக்கு அந்த சோபாவையே பக்கத்துல உக்கார வச்சிருக்கலாம்டி” என்றார்.

“அப்படிச் சொல்லாதீங்க” என்றார் ஆசிரியர். “நகைச்சுவைங்கிறது காது மாதிரிதாம்மா. சிலருக்குக் கேக்காது. நீ பாக்காத செவிடா?”

மறுபடியும் சிரிப்பு. பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டு, “அபிப்பிராயம் யாரு வேணா சொல்லலாம். படத்துல சிரிப்பு இல்லன்னா நிரூபி. மூணு வாரம் தர்றேன்” என்றார்.

கிண்டலாகத்தான் சொன்னார். வீட்டுக்கு நடக்கும்போது அந்தச் சிரிப்பு கூடவே வந்தது. ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருந்தது. படம் சிரிப்பானது என்றால் என்னிடம் ஏதோ ஒன்று பிறவியிலேயே இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் இனி எதையும் நல்லது, மோசம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கேட்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து, ஒலியை அனுப்புவோம். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். சிலர் ஒலி வராதபோதும் அழுத்துவார்கள். பொய் சொல்லும் எண்ணம் இருக்காது. தேறிவிட வேண்டும் என்ற பதற்றம். என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் கையை அசைத்தால் ஒலி வந்துவிட்டது என்று நினைத்து அழுத்துவார்கள். அதனால் நாங்கள் நாற்காலியைத் திருப்பிப் போடுவோம். பார்க்க முகம் இல்லாமல் போனால் உண்மை வந்துவிடும். ஒரு முறை வந்த பதிலை ஏற்கமாட்டோம். இரண்டு முறை ஒரே பதில் வந்தால்தான் எழுதுவோம்.

மார்ச் 1, ஞாயிறு மதியக் காட்சிக்கு நோட்டோடு போனேன். நாற்பத்தொரு சிரிப்பு. யாரிடமிருந்து தொடங்குகிறது என்று கவனித்தேன். நான்காம் வரிசை ஓரத்தில் ஒரு பெரியவர். அவர் சிரிப்பு பழைய மோட்டார் போல, இரண்டு முறை இழுத்துப் பிறகு பிடித்துக்கொள்ளும். அவர் இழுக்கத் தொடங்கியதும் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கத் தயாராவார்கள். பிறகு அரங்கம். இடைவேளை வெளிச்சத்தில் அவர் காதுகளைப் பார்த்தேன். இரண்டிலும் நான் பொருத்திய மெஷின்கள்.

அச்சகத்தில் முப்பது வருடம் இயந்திரம் ஓட்டியவர். செவி அங்கேயே போயிற்று. பிப்ரவரி இரண்டாம் வாரம் மகளோடு கடைக்கு வந்தார். மெஷினை மாட்டி நான் பேசியதும் அவர் அழுதார். பலர் அழுவார்கள், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. “பதினோரு வருஷமா மீன் தொட்டியப் பாக்குற மாதிரி மனுஷங்களப் பாத்துட்டிருந்தேன் பாப்பா” என்றார். மகள், “இனிமே வீட்ல ரகசியம் பேச முடியாது” என்று சொல்லிச் சிரித்தார்.

மார்ச் 8 அன்று மறுபடி எண்ணினேன். அவர் அதே நாற்காலியில் இருந்தார். வாசலில் சீட்டுக் கிழிப்பவர் அவரை ‘சிரிப்பு மாமா’ என்று கூப்பிட்டார். ஒரு காட்சிகூட விடுவதில்லையாம். நாற்பத்து மூன்று சிரிப்பில் முப்பத்தாறு அவரிடமிருந்து தொடங்கியது. படத்தைக் கேட்டு அல்ல, அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பொத்தானை அழுத்தினார்கள்.

அவரை வரவிடாமல் செய்திருக்கலாம். அது எளிது. ஆனால் ஒரு நாற்காலி காலியானால் அதுவே ஒரு மாற்றம். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைப்பதுதான் அளவெடுக்கும் முறை.

வியாழக்கிழமை அவர் மாதச் சரிபார்ப்புக்கு வந்தார். அவர் வாங்கிய வகையில் கையால் கூட்டக் குறைக்கத் திருகு கிடையாது. எங்கள் கணினியில்தான் முடியும். மெஷின்களைக் கழற்றிக் கம்பியில் இணைத்து ஒலியைக் குறைத்தேன். பூஜ்யம் ஆக்கவில்லை. எதிரில் நின்று உரக்கப் பேசினால் கேட்கும் அளவில் நிறுத்தினேன். மாட்டிவிட்டு, எதிரில் நின்று, உரக்கப் பேசினேன். “நல்லாக் கேக்குது பாப்பா” என்றார்.

வெள்ளி மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். பதினொரு சிரிப்பு. தம்பியின் கால்கள் உதறியபோது யாரோ ஒருவர் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார். ஒரு தம்பதி இடைவேளையோடு எழுந்து போனார்கள். நான் இருட்டில் உட்கார்ந்து நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் குறை இல்லை. மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. நான்காம் வரிசை ஓரத்தில் அவர் முன்னால் குனிந்து, கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை கடை திறந்ததும் வந்துவிட்டார்.

“பாப்பா, மறுபடி மீன் தொட்டி வந்துருச்சு. நேத்துப் படத்துல பாதி விழல.”

“ரொம்ப சிரிச்சீங்களா ஐயா?”

“எங்க சிரிக்க? உன்கிட்ட சொல்றதுக்கென்ன, அது ஒண்ணும் சிரிப்புப் படமே இல்ல. தூக்குறானுங்க, தூக்குறானுங்க, தூக்கிட்டே இருக்கானுங்க.”

“அப்புறம் எதுக்கு தினமும் போறீங்க?”

“அதுல ரெண்டு பேர் மட்டும் பேசுறானுங்க, நிறுத்தி நிதானமா. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா வந்து காதுல விழும். விழுந்த உடனே சிரிப்பு பொத்துக்கிட்டு வரும். என்ன சொன்னான்னுகூட யோசிக்கிறதில்ல.”

அந்தப் படத்தைப் பற்றி என்னோடு ஒத்துப்போன ஒரே ஆள் அவர். அதையும் குறித்துக்கொண்டேன். ஆனால் ஓர் ஆளின் வாய்ச்சொல் அளவாகாது. ஒரு காட்சியும் அளவாகாது. இன்னொரு முறை அதே பதில் வர வேண்டும்.

“காது பழகணும் ஐயா” என்றேன். “நாளைக்கும் போயி அதே இடத்துல உக்காருங்க. திங்கக்கிழம வாங்க, பாத்துடலாம்.”

“ரோட்ல நடக்கத்தான் கொஞ்சம் பயமா இருக்கு.”

“பழகிடும்.”

“நீ சொன்னா சரி. காது குடுத்தவளே நீதான்.”

நேற்று எட்டுச் சிரிப்பு. இரண்டு முறை ஒரே பதில். படம் முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தோம். அவர் எனக்கு இருபது அடி முன்னால் போனார். நான் சுவரோரம் நின்று எண்ணிக்கையை எழுதிக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தில், அடுத்த கடைக்குக் குளிர்பானப் பெட்டி இறக்கிய லாரி ஒன்று பின்னோக்கி வந்தது. பின்னால் வரும்போது எழுப்பும் ஒலியை எழுப்பிக்கொண்டுதான் வந்தது. ஓட்டுநர் ஹாரனும் அடித்தார். பெரியவர் சட்டைப் பைக்குள் எதையோ தேடியபடி நடந்தார்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது. அந்தத் தூரத்தில் எவ்வளவு சத்தம் அவரை எட்டும் என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த அளவை வைத்தது நான்.

ஓடிப்போய் இழுத்திருக்கலாமே என்று கேட்கலாம். நான் நிமிர்ந்து பார்த்ததிலிருந்து நான்கு விநாடி இருந்தது. லாரியின் ஒலி விநாடிக்கு ஒன்று. நான்கு எண்ணினேன்.

கூட்டம் சேர்ந்தது. ஓட்டுநர் தரையில் உட்கார்ந்து, “சத்தம் போட்டுக்கிட்டேதாங்க வந்தேன், ஊருக்கே கேட்டுச்சே” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார். போலீஸ் அவரை அழைத்துக்கொண்டு போனது. நான் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இன்று பதினொரு மணிக்கு மகள் கடைக்குப் போன் செய்தார்.

“ஆஸ்பத்திரியில அப்பா உடம்பக் குடுக்கும்போது மெஷின ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்க. ஒடையல. அந்த டிரைவர் ஹாரன் அடிச்சேன்னு சத்தியம் பண்றாராம். அப்பாவுக்குக் கேக்காம இருக்காது, பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம்கூடக் கேக்கும்னு சொல்லிட்டேன். நீங்க ஒரு தடவ பாத்து, மெஷின் சரியா இருந்துச்சான்னு மட்டும் எழுதிக் குடுப்பீங்களா? போலீஸ்ல கேக்குறாங்க.”

“கொண்டு வாங்கக்கா” என்றேன்.

“சனிக்கிழமகூட உங்களப் பாத்துட்டு வந்துதான் நிம்மதியாத் தூங்குனாரு.”

நாளை பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அவர் காதை அடைத்தது நான். பயமாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் திறக்காமல் அனுப்பியது நான். இதை எழுதத் தயங்கவில்லை. நடந்ததை மறைக்கும் வழக்கம் எனக்கு இல்லை. வருத்தமும் உண்டு. ஆனால் முறை சரியாகவே இருந்தது. எந்த இடத்திலும் அவருக்குக் கெடுதல் நினைத்ததாகத் தேடியும் கிடைக்கவில்லை. மூன்று முறை திருப்பிப் படித்துவிட்டேன்.

நாளை, செவ்வாய். காலை பத்து மணிக்கு மகளிடமிருந்து மெஷின்களை வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளறைக்குக் கொண்டுபோய், ஒலியைப் பழைய அளவுக்கு ஏற்றிய பிறகு, சரியாக வேலை செய்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். மாலை வகுப்புக்கு, ஆசிரியர் கேட்ட நிரூபணத்தைக் கட்டுரையாகச் சுத்தப் பிரதி எடுக்க வேண்டும்.