வில்ஃப் டன்ஸ்டனின் கடைசி ஆட்டம்

ராத்திரி பதினொண்ணு இருக்கும். பாரை அடைச்சாச்சு. செங்கல் சூளைப் பள்ளத்தை ஒட்டின ரோடு... ஆள் இல்ல, விளக்கு இல்ல. நல்ல மழை.

தனியா நடந்து வந்தவன் வில்ஃப் டன்ஸ்டன். சிட்னி துறைமுகத்துல என் மச்சான்கூட சேர்ந்து கம்பளி மூட்டை தூக்கினவன். அங்க ரக்பி லீக் பந்தாட்டம் ஆரம்பிச்சு அஞ்சாவது வருஷம், 1912. இவன் முன்வரிசை ஆட்டக்காரன். மாநில அணிக்கு எடுத்துட்டாங்கன்னு அன்னைக்குத்தான் சேதி வந்துச்சு. ஆளாளுக்கு பீர் வாங்கிக் குடுத்தாங்க. இவன் தொடாம எழுந்து வந்துட்டான்.

மூணு வாரம் முன்னாடி ஒரு ஸ்க்ரம். ரெண்டு பக்கமும் ஆறாறு பேர், குனிஞ்சு, தோளைக் கோத்து, தலையோட தலை முட்டித் தள்ளுவாங்களே... உள்ள நடக்குறது நடுவருக்குத் தெரியாது. அந்த இருட்டுல எதிராளி பேட்ஸி கீனனோட கழுத்தைப் பிடிச்சு முறுக்கிட்டான் வில்ஃப். மளுக்குன்னு ஒரு சத்தம். நாலாம் நாள் பேட்ஸி செத்துட்டான்.

"சறுக்கி விழுந்துட்டான்"னான் வில்ஃப். நம்பினாங்க. சவப்பெட்டிக்குத் தோள் குடுத்தான். பேட்ஸி பொண்டாட்டி நெல் இவன் கையைப் பிடிச்சு, "உங்க மனசு யாருக்கு வரும்"னு அழுதா.

அன்னைக்கு ராத்திரி அந்த ரோட்டுல... பின்னாடி டக். டக். மைதானத்துல போடுற ஆணி வச்ச பூட்ஸ். இவன் நின்னா அதுவும் நிக்குது. ஆட்டக்காரங்க உடம்புல தேய்ச்சுக்கிற யூகலிப்டஸ் தைல வாடை. நனைஞ்ச கம்பளி ஜெர்ஸி வாடை. இவன் திரும்பல. ஒரு கை மெதுவா வந்து தோளைச் சுத்திக்கிச்சு... ஸ்க்ரமுக்குக் கோத்துக்கிற மாதிரி. அப்படியே நடத்திக் கூட்டிட்டுப் போச்சு. நின்ன இடம் நெல் வீட்டு வாசல்.

கைக்குழந்தையோட கதவைத் திறந்தா. "என்ன வில்ஃப், இந்நேரத்துல? தொப்பலா நனைஞ்சிருக்கீங்க."

சொல்லிடணும்னுதான் வாயைத் திறந்தான். வந்த வார்த்தை வேற. "மாநில அணிக்கு என்னை எடுத்திருக்காங்க."

"அவர் இருந்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்"னா நெல்.

கூசிப் போயிட்டான். அவ முகத்தைப் பார்க்க முடியல. தோள்ல இருந்த கை... விலகிருச்சு. கடைசி வரைக்கும் அவகிட்ட சொல்லவே இல்ல. சாகக் கிடந்தப்பதான் என் மச்சான்கிட்ட சொன்னான்.

சனிக்கிழமை மாநில ஆட்டம். முதல் ஸ்க்ரம். நடுவர் விசில் ஊதி நிறுத்தினார்.

"உங்க பக்கம் ஏழு பேர் நிக்கிறீங்க. ஒருத்தன் வெளிய வா."

ஸ்க்ரமுக்கு இறங்கினது ஆறு பேர்தான். யாரும் அசையல. வில்ஃப்தான் தலையை உருவிக்கிட்டு வெளிய வந்தான். யாரையும் பார்க்கல. பூட்ஸோட வேலியைத் தாண்டிப் போயிட்டான். அதுக்கப்புறம் அவன் பந்தைத் தொடல.

நடுவர் குனிஞ்சு மறுபடி எண்ணினார்.

"ஆறு... இப்ப சரி. தள்ளுங்கப்பா."