நீல முக்காடும் பச்சை முக்காடும்

தேநீர் போதுமென்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிடுங்கள். உங்கள் பேச்சைக் கேட்டால் இந்தப் பக்கத்துக்காரராகத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். இந்த வடகடலோரத்தில், எங்கள் லேர் ஊரில், வாயால் போதும் என்றால் உபசாரத்துக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்து இன்னொரு கோப்பை ஊற்றிவிடுவோம். கரண்டி கோப்பைக்குள் போய்விட்டால் அதற்குமேல் யாரும் ஊற்றமாட்டார்கள். கலக்குவதற்கென்று கரண்டி தருவதாக வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கலக்கக் கூடாது. அடியில் கற்கண்டு, மேலே பாலாடை, அதது அதனதன் இடத்தில் இருக்கவேண்டும்.

நீதிமன்றத்திலிருந்து வருகிறவரிடம் எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கில்லை. என் மனைவி ஹில்கே இங்கேயே, சன்னலோரமாக உட்கார்ந்திருக்கட்டும். அவள் கேட்பதால் ஒன்றுமில்லை.

சீட்டுகளைப் பற்றித்தானே கேட்டீர்கள். சீட்டாட்டங்களை உருவாக்குகிறவர்கள் சிலர் தங்கள் சீட்டுகளைக் கறுப்பு வெள்ளையில் வரைந்து இணையத்தில் இலவசமாகப் போட்டுவைப்பார்கள். வீட்டிலேயே அச்செடுத்து, அட்டையில் ஒட்டி, வெட்டிக்கொள்ளலாம். பெரும்பாலோர் அதை அப்படியே விளையாடிவிடுவார்கள். என்னால் முடிவதில்லை. கடல் தடுப்புக் கரைகளின் வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டியே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். வெறும் கோட்டைப் பார்த்தால் கை பரபரக்கும்.

துறைமுக ஊர் ஒன்றைப் பற்றிய ஆட்டம் அது. கலங்கரை விளக்குக்காரர், ரொட்டிக்காரி, படகோட்டி, கரையில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருக்கும் மாலுமியின் மனைவி. அவளைக் 'காத்திருப்பவள்' என்று சொல்வோம். தலையில் ஒரு முக்காடு. அந்த முக்காட்டுக்கு நீலம் கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் ஆனது. சாதாரண நீலமில்லை. போர்க்கும் தீவுக்குப் போகும் கப்பலின் மேல்தளத்தில் ஹில்கேயை முதன்முதலாகப் பார்த்தபோது அவள் கழுத்தில் படபடத்த துணியின் நீலம். சாம்பல் ஒரு துளி கூடினால் மேகமாகிவிடும், குறைந்தால் பொம்மைக்கடையாகிவிடும். கிடைத்தபோது நான் எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன்.

யாரும் பார்க்கவில்லை. வியாழக்கிழமை ஆட்டக் கூட்டத்துக்குச் சீட்டுகளைக் கொண்டுபோனேன். ஹாயோ என்று ஒருவன், மீன் புகைபோடும் கடை வைத்திருப்பவன், ஒரு சீட்டைத் தூக்கிப் பார்த்தான்.

"ஏன் மென்னோ, கலரு அடிச்சா புள்ளி கூடுமா?"

"கூடாது."

"அப்புறம் எதுக்குய்யா இந்தப் பாடு? அடுத்து காலைப் பேப்பருக்கும் கலர் அடிச்சுக் குடு, எங்க வீட்டுக்காரி சந்தோஷப்படுவா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் விரலில் மீன் எண்ணெய் இருந்தது. ரொட்டிக்காரியின் கன்னத்தில் ஒரு கறை விழுந்துவிட்டது. அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

ஹாயோவை விடுங்கள். ஹில்கேயும் நானும் தினமும் மாலைத் தேநீருக்குப் பிறகு இரண்டு ஆட்டம் ஆடுவோம். அவள் காத்திருப்பவளைக் கையில் வாங்குவாள், கீழே போடுவாள், "உன் முறை" என்பாள். தன் கழுத்துத் துணியின் நீலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டி போதுமா என்று கேட்பாள். இலையுதிர்காலம் முழுவதும் அப்படியே போனது. ஒரு வார்த்தை, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. கேட்டு வாங்குகிற வார்த்தைக்கு மதிப்பில்லை என்பதால் நான் கேட்கவில்லை.

இரண்டாவது சீட்டுக்கட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறவர்கள் எல்லோரும் எதையும் இரண்டு படி அச்செடுப்பார்கள். மை ஊறிவிடும், அட்டை வளைந்துவிடும், அதனால் ஒன்றில் தீட்டிப் பார்த்துவிட்டு மற்றதில் தீட்டுவது. தீட்டிப் பார்த்த கட்டும் பார்க்க நன்றாகவே இருந்தது. அதில் காத்திருப்பவளின் முக்காடு பச்சை, படகோட்டியின் மீசை செம்பட்டை, ரொட்டிக்காரியின் வாசற்கதவு மஞ்சள். சுருட்டுப் பெட்டி ஒன்றில் போட்டு வைத்திருந்தேன்.

ஒருநாள் மாலை ஆட்டத்துக்கு எடுக்கும்போது பெட்டி மாறிவிட்டது. அது தற்செயல்தான், நம்புங்கள். அதே மாலைதான் ஹில்கே சொன்னாள், தோழி அல்மா போர்க்குமில் விடுதி ஒன்று எடுக்கிறாளாம், பங்குக்குக் கூப்பிடுகிறாளாம்.

"விவாகரத்து அது இதுன்னு ஒண்ணும் இல்ல மென்னோ. நீ தோணுறப்ப வா. எனக்கு இந்த வீட்டுல மூச்சு முட்டுது, அவ்வளவுதான். நீ உன் ரூம்ல பிரஷ்ஷோட இருக்க. நான் இருந்தா என்ன, இல்லன்னா என்ன?"

நான் சீட்டுகளைப் பங்கிட்டேன். அவள் கைக்குக் காத்திருப்பவள் போனாள். ஹில்கே சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"இது நீலமால்ல இருந்துச்சு? கப்பல்ல நான் கட்டியிருந்த ஸ்கார்ஃப் மாதிரி இருக்கேன்னு ஒவ்வொரு தடவையும் நெனச்சுப்பேனே."

அதை அவள் முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போவதாகச் சொன்ன பிறகுதான் சொன்னாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"எப்பவுமே பச்சைதான், ஹில்கே," என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு சீட்டை மறுபடி பார்த்தாள். அந்த இலையுதிர்காலத்தில் முதல்முறையாக என் வேலையை ஒருவர் உற்றுப் பார்த்தார்.

மறுநாள் நீலச் சீட்டையே திரும்ப வைத்தேன். அவள் விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பிறகு படகோட்டியின் மீசை. பிறகு வாசற்கதவு. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவது நயமில்லாத வேலை. ஒரு மாலைக்கு ஒரு சீட்டு, சில மாலைகளில் ஒன்றுமேயில்லை. ஹில்கே இப்போது ஒவ்வொரு சீட்டையும் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். ரொட்டிக்காரியின் கன்னத்துக் கறையைக்கூடக் கண்டுபிடித்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

எங்கள் மகள் ஸ்வென்யாவிடம் அவள் தொலைபேசியில் பேசியது என் அறைவரை கேட்டது. "சீட்டுக் கலரை யாரும்மா ஞாபகம் வெச்சுப்பா? எனக்கு என் கார் நம்பரே ஞாபகம் இருக்காது," என்றாளாம் மகள். இளம் வயதுக்காரர்கள் அப்படித்தான் எதையும் லேசாக எடுத்துக்கொள்வார்கள். நான்தான் பொறுப்போடு மருத்துவரிடம் அழைத்துப்போனேன்.

பயந்தவர்களுக்குக் கை தவறும். அதற்குள் அவள் அடுப்பில் பாலைக் கருகவிட்டிருந்தாள், அல்மாவின் பிறந்தநாளை மறந்திருந்தாள். அவற்றில் என் கை எதுவுமில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நினைவைச் சோதிக்க மருத்துவர் கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார். ஹில்கே முள்ளை வரையுமுன் என் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்பதுபோல் நான் தலையை லேசாக அசைத்தேன். அவள் அழித்துவிட்டு வேறு மாதிரி வரைந்தாள். முதலில் வரைந்ததுதான் சரி.

"மனக்கவலையாகவும் இருக்கலாம், பொறுத்துப் பார்ப்போம்," என்றார் மருத்துவர். பொறுத்துப் பார்க்கும் மருத்துவரை நம்பி ஒரு மனைவியை விடமுடியுமா? வேறொருவரிடம் போனோம். அங்கே பெரும்பாலான கேள்விகளுக்கு நானே பதில் சொன்னேன். மாத்திரைகள் வந்தன. கார்ச் சாவியை அவளே என்னிடம் கொடுத்தாள். அல்மா ஒருமுறை நேரில் வந்து வாசலிலேயே நின்று, "ஹில்கே, ஒரு வாரம் என்கூட வந்து இருந்து பாரு, கடல் காத்து பட்டா சரியாயிடும்," என்றாள். ஹில்கே என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு நெறமே ஞாபகத்துல நிக்கல அல்மா, நான் வந்து ஊரான் கணக்கை எப்படிப் பார்ப்பேன்?" என்றாள். அல்மா வேறு பங்காளியைத் தேடிக்கொண்டாள். வசந்தத்தில் உங்கள் நீதிமன்றம் என்னையே அவளுக்குப் பொறுப்பாளராக நியமித்தது. கையெழுத்து, வங்கி, மருத்துவம், எங்கே வசிப்பது என்பதுவரை எல்லாம் என் பொறுப்பு. அந்தச் சுமையைப் பற்றி நான் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

போன ஞாயிறு ஸ்வென்யா வந்திருந்தாள். பென்சில் சீவி தேடப்போய்ச் சுருட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டாள். இரண்டு 'காத்திருப்பவள்' சீட்டுகளையும் இதே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் சன்னமாகிவிடும், அம்மா மாதிரியே.

"அப்பா. அம்மா ராத்திரியெல்லாம் அழுதுட்டு எனக்குப் போன் பண்ணுவாங்க. பைத்தியமாயிட்டு வரேனா ஸ்வென்யான்னு கேப்பாங்க. நீங்க பக்கத்து ரூம்ல உக்காந்து இதுக்குப் பெயின்ட் அடிச்சுட்டு இருந்தீங்களா?"

"அடிச்சு முடிச்சது எப்பவோ," என்றேன். அது உண்மை.

ஹில்கே எழுந்து வந்தாள். மாத்திரையால் நடை கொஞ்சம் மெதுவாகிவிட்டது. நீல முக்காட்டையும் பச்சை முக்காட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நீலத்தின்மேல் விரலை வைத்தாள்.  அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது.

"ரெண்டுமே நல்லா இருக்கு, மென்னோ," என்றாள்.

அவ்வளவுதான். போய் உட்கார்ந்துவிட்டாள். ஒரு குளிர்காலம் முழுவதும் பாடுபட்ட நீலத்தையும், தீட்டிப் பார்த்துத் தள்ளிவைத்த பச்சையையும் ஒரே தராசில் வைத்துவிட்டாள். மனம் விட்டுச் சொல்கிறேன், அன்று நான் நொந்துபோனேன்.

ஆம், சீட்டுகளை மாற்றியது நான்தான். தெரிந்தே மாற்றினேன், ஒவ்வொரு முறையும். அவளுக்கு நோயில்லை என்று எனக்குத் தெரியும், மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுத்தபோதும் தெரியும். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். ஆனால் இதையும் எழுதுங்கள்: அவளை நான் அடித்ததில்லை, பூட்டியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. கதவு எப்போதும் திறந்துதான் இருந்தது. அவள்தான் போகவில்லை. என்னோடு இருக்கவே அவளுக்கு விருப்பம் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

உங்கள் கோப்பை காலியாகிவிட்டது, இருங்கள். ஹில்கேக்கும் ஊற்றவேண்டும்.

பாருங்கள், கரண்டியைக் கோப்பைக்குள் வைத்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து மூன்று கோப்பைக்குக் குறைவாகக் குடித்ததில்லை, இன்று முதல் கோப்பையிலேயே வைத்துவிட்டாள். முகத்தை நிமிர்த்தி என்னையே வேறு பார்க்கிறாள். இப்போது சொல்லுங்கள், எல்லாமே என் வேலையா? எங்கள் ஊர் வழக்கம்கூட அவளுக்கு மறந்துபோய்விட்டதே.

கொடு, ஹில்கே. கரண்டியை நான் எடுத்து வைக்கிறேன். ஊற்றுகிறேன்.