ஷீட்டு முகம், இரண்டாம் பாகம்

சாயாவக் குடி மக்கா, ஆறிரும். அந்தப் படத்துக்க ரெண்டாம் பாகத்துல குத்தம் சொல்லத் தொடங்குனா நாளைக்கு வரைக்கும் சொல்லலாம் கேட்டியா. நீயே சொன்னேல்லா, மொதப் பாகத்துல பேச்சிப்பாறை அணையில முங்கிச் செத்த கொலகாரன் இதுல எப்பிடி வந்தாம்னு? ஆருக்குத் தெரியும்! தலமுடிகூட நனையாம வாறான். டைரக்டர் ராஜகுமார்ட்ட நான் அப்பவே கேட்டேன். சனங்க அதெல்லாம் கேக்காது செசிலி, நீ சோத்த வெளம்புன்னாரு.

ஆமா, ஷூட்டிங்குக்குச் சோறு பொங்குனது நான்தான். விடியக்காலத்த ரப்பர் எஸ்டேட்டுல பால்வெட்டு முடிச்சிட்டு நேரா அங்க போயிருவேன். அந்தக் கதாநாயகி இருக்காளே, கொலகாரன் தொரத்துனா காட்டுக்குள்ளயே ஓடுவா. ரோடு இந்தப் பக்கம் கெடக்கு! பின்ன அரமணிக்கூரு நேரம் மொதப் பாகத்தயே திருப்பிப் போட்டு ஓட்டுனாவ. ரத்தம்? பீட்ரூட்டு. நான் அவிச்சுக் குடுத்தது.

ஆனா அப்பிடி ஒரு படம் முன்ன வந்ததில்லன்னு நீ சொல்லுததும் சரிதான். ரப்பர் ஷீட்ட மொகத்துல கெட்டிட்டு, பால்வெட்டுக் கத்தியும் பிடிச்சிட்டு, ஒரு வார்த்த பேசாம வாறவன அதுக்கு முந்தி நாங்க எங்க பாத்தோம்? செத்தவன் திரும்பி வருவாங்கத இவரு சும்மா செஞ்சு வச்சாரு, பொறவு எல்லாவனும் பிடிச்சிக்கிட்டான். அதுக்குத்தான நீங்கல்லாம் மெட்ராஸ்லேந்து வந்து, சனிக்கிழம நாகர்கோவில்ல ரெண்டு படத்தயும் ஓட்டி, கொலகாரனா நடிச்ச குமாரதாசுக்குப் பொன்னாடை போடுதிய. போடணும். மொதப் பாகத்துல அவன் பயங்காட்டுனது கொஞ்சமா?

பின்ன நீ ஒண்ணு கேட்டியே, ரெண்டாம் பாகத்துல கொலகாரன் ஏன் குட்டையாப் போனான், சட்ட ஏன் கால்முட்டு வரைக்கும் தொங்குதுன்னு. கத்திய நேரா வீசாம சரிச்சுச் சரிச்சு இழுக்கான், அதுல பெரிய அர்த்தம் இருக்குன்னு புஸ்தகத்துல எழுதிருக்கேன்னும் சொன்ன. அர்த்தமும் இல்ல ஒண்ணும் இல்ல மக்கா. தெனமும் ரப்பர் மரம் வெட்டுத கை அப்பிடித்தான் போவும். சரிச்சு வெட்டுனாத்தான பால் வடியும்.

முழிக்காத. ரெண்டாம் பாகம் தொடங்குத நேரம் பாத்து குமாரதாசுக்கு விசா வந்துட்டு, அவன் மஸ்கட்டுக்குப் பறந்துட்டான். ராஜகுமார் தலையில கைய வச்சிட்டு இருக்காரு. மொகமும் மூடியிருக்கு, பேச்சும் கெடையாது, அந்த ஷீட்ட இங்க தாருங்கன்னேன்.

எங்க அப்பா சபையில மூப்பர். பொட்டப்பிள்ள படத்துல நடிச்சான்னு தெரிஞ்சா என்னைய மட்டுமில்ல, ராஜகுமாரையும் வெட்டியிருப்பாரு. அதான் படத்துல குமாரதாசு பேரே கெடந்துட்டு. அந்தப் படத்துல எவ்வளவு பாவம் இருக்குன்னு பாக்கணும்னு அப்பாவே தியேட்டருக்குப் போனாரு, தொணைக்கு நானும். கொலகாரன் வந்ததும் எனக்க கையப் பிடிச்சிட்டுக் கண்ண மூடி ஜெபம் பண்ணுனாரு பாரு! எனக்கு சிரிப்ப அடக்க முடியல, சந்தோசத்துல அழுகையும் வந்துட்டு. ஒருத்தர்ட்டயும் சொல்ல முடியலியேன்னுதான் இத்தன காலமும் மனசுக்குள்ள வெப்ராளம்.

அப்பா இப்ப இல்ல. குமாரதாசுக்கு மொதப் பாகத்துக்குப் போடு. ரெண்டாம் பாகத்துக்கு இன்னொரு பொன்னாடை வாங்கிக்கோ மக்கா. நீளம் கொறஞ்சதாப் பாத்து வாங்கு, அந்தச் சட்ட மாதிரி முட்டு வர தொங்காண்டாம்.