இருநூறு அடித் தகரம்

நம்ம ஊருக்கு எத்தனை மார்க்குன்னுதானே கேக்குறீக, பத்துக்குப் பத்தே போட்டுக்கங்க மேடம். யோசிக்கிறதுக்கு ஒண்ணுமில்லை. சுத்தத்துக்குப் பத்து, வர்ற ஆளுகளை வரவேக்கிறதுக்கும் பத்து. பேரு இருளாண்டி. தொழிலு, தகர ஷெட்டு போடுறது.

வெளையாட்டுக்குச் சொல்லலை. பாக்க வேண்டிய பழைய ஊருகன்னு உலகப் பட்டியலு போடுறீகளே, போன வருசம் அதுல நம்ம கண்டனூருக்கு முப்பத்தொண்ணாவது எடம். எனக்கும் அதுல பங்கு இருக்கு.

அந்தப் பட்டியலுக்கு மார்க்கு போட நடுவருக அஞ்சு பேரு வெளிநாட்டுலருந்து வந்தாக. ஊருக்குள்ள அரமணை கணக்கா இருக்குற பழைய பெரிய வீடுகளைப் பாக்கப் போற ரோடு இதுதேன். எங்க காலனி அப்படியே ரோட்டோரமாத் தெரியுதுல்ல, சாக்கடை, கிழிஞ்ச தார்ப்பாயி எல்லாம். அதை மறைக்கணும்னு காண்ட்ராக்டர் குருநாதன் என்னையக் கூப்பிட்டாரு. இருநூறு அடிக்குத் தகரம், ஏழடி ஒசரம். அதுமேல பெரிய வீட்டு வாசல் படத்தை ஒட்டி, வரலாறு வாழும் ஊருன்னு எழுதுனாக. ரோட்டுல போறவுகளுக்கு நெச வீடு மாதிரியே இருக்கும். போல்ட்டு அத்தனையும் நாந்தேன் முடுக்குனேன். நல்ல வேலை மேடம், பொய் சொல்லப்படாது.

அப்ப காலனி ஆளுக போக வர வழியான்னு கேக்குறீகளா? நானும் கேட்டேன். மூணு நாளுதானய்யா, பின்னாடி கம்மாக்கரை வழியாப் போயிக்கங்கன்னாரு. சரின்னுட்டேன்.

அப்புறம் எதுக்குப் பத்துன்னு கேக்குறீக. கொறச்சுப் போட்டா வர்ற வருசம் தகரம் இன்னும் நூறு அடி நீளமாகும். வேற என்ன ஆகப் போகுது.

நடுவருக வந்த அன்னைக்கா? முந்தின நாள் மழையில கம்மாக்கரை பூராம் கால் வைக்க முடியாத சேறாக் கெடந்துச்சு. எதுவும் கழண்டா முடுக்கணும்னு என்னைய ரோட்டுப் பக்கம் நிப்பாட்டிட்டாக. எம்மக சத்தியப்பிரியா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தா. நாளு இன்னும் மூணு வாரம் இருந்துச்சு, ஆனா அன்னைக்குக் காலையிலயே வலி கண்டுருச்சு. ஆம்புலன்சு வந்து இங்குட்டு ரோட்டுல நிக்குது. அவளைச் சேர்ல வச்சு அங்குட்டுத் தகரத்துக்கிட்ட தூக்கியாந்துட்டாக. நான் ரெண்டு போல்ட்டைக் கழட்டிட்டேன். குருநாதன் ஓடியாந்து கையைப் பிடிச்சாரு. காருக கெளம்பிருச்சு, பத்து நிமிசம் பொறுய்யான்னாரு. ஆம்புலன்சையும் தள்ளி மரத்தடியில நிப்பாட்டச் சொல்லிட்டாரு.

பொறுத்தேன் மேடம். ஸ்பேனரு கையிலதேன் இருந்துச்சு. பத்து நிமிசம் முக்கா மணி நேரமாச்சு.

காருக மெதுவாத்தேன் போச்சு. ஒரு வெள்ளக்கார அம்மா தகரத்தைப் போட்டோ எடுத்துட்டு, என்னையப் பாத்துக் கையாட்டுச்சு. நானும் சிரிச்சுக்கிட்டே கையாட்டுனேன்.

அதுக்கப்புறந்தேன் கழட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆம்பளப் புள்ளை. அழுகவே இல்லை. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாக.

மக இப்ப தேவகோட்டையில, மாமியா வீட்டுல. தகரத்துக்கு நடுவுல விரக்கடை சந்து இருந்திருக்கு, அது வழியா என்னையப் பாத்துருக்கா. ஆஸ்பத்திரியில ஒண்ணே ஒண்ணுதேன் கேட்டா. எதுக்குப்பா கையாட்டுனீகன்னு. வருசம் ஒண்ணாச்சு, எங்கிட்ட அவ பேசலை.