பதினோரு உத்தரவுகள்

டீ நன்றாக இருக்கிறது. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அமைச்சகத்தில் சட்ட அதிகாரி. மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களைத் தடுக்கும் ஒப்பந்தத்துக்காக எட்டு வருடம் வெளிநாட்டு மாநாடுகளுக்குப் போய்வந்தவன். ஒரே ஒரு சொல்லுக்காக மூன்று நாள் மல்லுக்கட்டியிருக்கிறோம். "உப்புக்குக்கூட வரையறை கேப்பீங்க, தொட்டு நாக்குல வெச்சுப் பார்க்க மாட்டீங்க" என்று என் மனைவி கிண்டல் செய்வாள். அந்த வரையறை எனக்குத் தலைகீழ்ப் பாடம்: பொதுமக்கள் மீது, பரவலாகவோ திட்டமிட்டோ, தெரிந்தே நடத்தும் தாக்குதல்.

அதனால்தான் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். குன்றடிக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்றார். மூன்று தலைமுறைக்கு முன் பிழைக்க வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள், இரண்டாயிரம் பேர் இருக்கும். எங்கே அனுப்புவது என்று கேட்டேன். பழைய கல்குவாரி என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. "நாளைக்கு எவனும் 'திட்டமிட்டு'ன்னு சொல்லிடக் கூடாது. பார்த்துக்குங்க" என்றார்.

பார்த்துக்கொண்டேன். ஒரே உத்தரவைப் பதினொன்றாகப் பிரித்தேன். குடிநீர்க் குழாயை மூட ஒன்று, பேருந்தைத் திருப்பிவிட ஒன்று, முப்பது லாரி கேட்டு ஒன்று, குவாரியில் சுண்ணாம்பு இறக்க ஒன்று, இப்படி. பதினோரு துறை, பதினோரு தேதி. தெருப் பெயர் எதிலும் கிடையாது, சர்வே நம்பர் மட்டும்தான். தனித்தனியாகப் படித்தால் நகராட்சியின் அன்றாட வேலை. கையெழுத்துப் போட யாரும் தயங்கவில்லை.

பதினொன்றையும் பார்த்தவர்கள் இரண்டே பேர், நானும் என் தட்டச்சரும். அந்தப் பெண்ணின் வீடு அந்தக் குடியிருப்பில்தான் இருந்தது. ஒன்பது வருடமாக என்னிடம் வேலை பார்த்தாள். எனக்கு ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரி வாசலில் கண்கலங்கி நின்றவள்.

கடைசி உத்தரவை, லாரிகளுக்கானதை, காலி செய்யும் நாளன்று மதியம்தான் அடித்துக் கொண்டுவந்தாள்.

"சார், இந்த நம்பரெல்லாம் எந்தப் பக்கம்? எங்க தெருவுலயும் ரெண்டு நாளா தண்ணி வரல, அதான் கேட்டேன்."

"ஆத்துக்கு அந்தப் பக்கம்மா."

"நல்லவேளை சார்."

அவள் வீட்டு நம்பரும் அந்தத் தாளில் இருந்தது. அவள் விரலே அடித்தது. எனக்கு மனசு கேட்கவில்லை, அதை மறைக்க மாட்டேன். இன்றைக்கும் கேட்கவில்லை.

லாரிகள் ஐந்து மணிக்கு. எங்கள் அலுவலகம் ஐந்தரை வரை. இன்னும் இரண்டு தாள் அடிக்கச் சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். மறுநாள் அந்தப் பதினொன்றையும் அடுக்கி வைத்துப் பார்த்துமிருப்பாள்.

அந்த வரையறையின் மற்ற சொற்களுக்கெல்லாம் என் வக்கீல் பதில் சொல்வார். 'தெரிந்தே' என்பதற்கு மட்டும் அவரைச் சிரமப்படுத்த வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். நாலரை மணிக்கு அவளைக் கூப்பிட்டு, "குழந்தை தேடும், நீ கிளம்பும்மா" என்றேன். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.